சயனோடைப் (ரசாயனம் பூசிய தாளை வெயிலில் காட்டி நீலப் படம் அச்செடுக்கும் முறை): கழுவும்போது நீலம் கரைந்து போகிறது, ஏன்?

கேள்வி:
ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். தனித்தனியே 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, சம அளவு கலந்து தாளில் பூசினேன். வெயிலில் 5 நிமிடம். கழுவினால் பாதி நீலம் தண்ணீரோடு போய்விடுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
அளவு சரிதான், வெயில்தான் போதவில்லை. மறைப்பில்லாத ஓரம் நீலத்தைத் தாண்டிச் சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வரவேண்டும். பச்சை கலந்த நீலத்திலேயே எடுத்தால் கரையத்தான் செய்யும். கடிகாரத்தை விடுங்கள், நிறத்தைப் பாருங்கள்.

பதில் 2:
தாளையும் கவனிங்க. கெட்டுப்போகாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்த ஓவியத் தாள் சரிப்படாது. அதன் காரத்தன்மை பிரஷ்யன் நீலத்தை, அதாவது படமாகத் தெரியும் அந்த நீல நிறமியைச் சிதைக்கும். போர் தண்ணீரிலும் இதே தொல்லை. முதல் அலசலில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். கலவை தேங்கும்படி பூசாதீர்கள், தாளுக்குள் இறங்காதது கழுவும்போது உரிந்து வரும். இருட்டில் நன்றாகக் காயட்டும்.

பதில் 3:
ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேரடியாகத் தாள்மேல் வைத்து அச்செடுக்கத் தொடங்கினார். கேமராவே தேவைப்படவில்லை! நீங்களும் நெகடிவை ஓரம்கட்டிவிட்டு, முதலில் ஒரு வேப்பிலையைக் கண்ணாடிக்கு அடியில் அழுத்திச் சோதியுங்கள். தவறு வெயிலிலா தாளிலா என்று பிரித்துப் பார்க்க எளிது.