ஒரே துயரம், இரு மனங்கள்: மாத்திரை பலன்தர ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

கேள்வி (தம்பி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு அப்பா காலமானபோது நானும் அக்காவும் ஒரே ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இரவுகளைக் கழித்தோம். மூன்று மாதங்களில் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அக்காவோ இன்றும் கையில் கொடுத்த காபியில் ஆடை படியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மனநல மருத்துவர் ஃப்ளூவாக்ஸ்டீன் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. “அவளுக்கு மனவலிமை போதாது” என்று உறவினர்கள் சொல்வது எனக்கு வலிக்கிறது. ஒரே துயரத்தை இரு மூளைகள் இவ்வளவு வேறுபட்டு எதிர்கொள்வது ஏன்? மாத்திரைக்கு ஏன் இத்தனை நாள்?

மறுமொழி 1 (நரம்பியல் ஆய்வு மாணவி)

முதலில் ஒரு சொல்லைப் பற்றி: தமிழில் நெருக்கடியையும் அதனால் வரக்கூடிய நோயையும் “மன அழுத்தம்” என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். உறவினர்களின் குழப்பத்தில் பாதி அங்கிருந்தே வருகிறது. நெருக்கடி உங்கள் இருவருக்கும் வந்தது. நோய் ஒருவருக்குத்தான் வந்தது.

உங்கள் முதல் கேள்வியை நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் எரிக் நெஸ்ட்லரின் குழுவினர் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகின்றனர். ஒரு சுண்டெலியை நாள்தோறும் சில நிமிடங்கள் தன்னைவிடப் பெரிய, முரட்டு எலியிடம் அடிபட விட்டு, மிச்ச நேரம் முழுதும் துளையிட்ட தடுப்புக்கு அப்பால் அதன் வாடையிலேயே இருக்கவைப்பார்கள். பத்து நாட்களுக்குப் பின் பெரும்பாலான எலிகள் பிற எலிகளைக் கண்டாலே மூலையில் ஒடுங்கிவிடுகின்றன. சர்க்கரைத் தண்ணீரில்கூட நாட்டம் குறைகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலிகள் அப்படி ஆவதில்லை. இத்தனைக்கும் எல்லாம் ஏறக்குறைய ஒரே மரபணு கொண்டவை; பதற்றமும் எல்லாவற்றுக்கும் ஏற்படத்தான் செய்கிறது.

2007-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் என்னை வியக்க வைத்தது இதுதான்: நடுமூளையில், நாட்டத்தைத் தூண்டும் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் பகுதியில், துவண்ட எலிகளைவிடத் தாங்கிய எலிகளிடம்தான் அதிக மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. துவண்ட எலிகளில் அந்த நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடித்தன. தாங்கியவற்றிலோ துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் இன்னும் கூடுதலாகவே இருந்தது என்றும், அதற்கு எதிராக, பொட்டாசிய அயனிகள் நரம்பணுவிலிருந்து வெளியேறுவதால் உண்டாகும் மின்னோட்டங்கள் எழுந்து துடிப்பைச் சமன்செய்தன என்றும் 2014-இல் காட்டினார்கள். தாங்குதிறன் என்பது அடி உறைக்காத தோல் அன்று. உள்ளே ஓயாமல் நடக்கும் வேலை. அந்த வேலை உங்கள் அக்காவின் மூளையில் இப்போது தடைப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாமே தவிர, மனவலிமை என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்)

தம்பி, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை அவை மீள உறிஞ்சவிடாமல் மாத்திரை தடுப்பது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். வாரங்கள் பிடிப்பது அதற்குப் பின் நரம்பிணைப்புகள் மெல்ல மாறுவதற்கு. இவ்வகை மருந்துகள் நரம்பு வளர்ச்சிக்கான சைகையை வாங்கும் ‘ட்ர்க்-பி’ என்னும் ஏற்பிப் புரதத்திலேயே நேரடியாகப் பொருந்துகின்றன என்று ஹெல்சின்கியில் ஏரோ காஸ்ட்ரேனின் குழு 2021-இல் கண்டறிந்தது.

வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. குட்டிப் பருவத்திலேயே ஒரு கண் மூடப்பட்டதால் அக்கண்ணில் பார்வை மங்கிப்போன எலிகளுக்கு, வளர்ந்த பின் ஃப்ளூவாக்ஸ்டீன் கொடுத்து, நல்ல கண்ணை மூடி மங்கிய கண்ணைப் பயன்படுத்தச் செய்தார்கள்; பார்வை மீண்டது. 2008-இல் இத்தாலியின் பீசாவில் நடந்தது இது. அச்சத்தைப் பற்றிய 2011-ஆம் ஆண்டு ஆய்விலும் மருந்தும், அஞ்சத் தேவையில்லை என்று பழக்கும் பயிற்சியும் சேர்ந்தபோதுதான் எலிகளின் பழைய பயம் நிலையாக நீங்கியது. மருந்து மண்ணை இளக்கிக் கொடுக்கிறது. எதை விதைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆகவே பேச்சுவழிச் சிகிச்சையையும், காலையில் சிறு நடையையும், உடன் இருப்பவர்களின் பேச்சையும் மருந்தோடு சேர்த்தே கொடுங்கள். பலன் இல்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொடக்க வாரங்களில் பரபரப்பு மிகுந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தம்பி

ஐயா, அம்மா, இருவருக்கும் மிக்க நன்றி. இந்த மருந்து அக்காவுக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே அறியச் சோதனை ஏதும் உண்டா?

மறுமொழி 3 (மனநல மருத்துவர்)

அன்றாடச் சிகிச்சையில் அதை உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. அமெரிக்காவில் நடந்த ‘ஸ்டார்-டி’ என்னும் பெரிய ஆய்வில் முதல் மருந்திலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. மற்றவர்களுக்கு மருந்தை மாற்றவோ வேறொன்றைச் சேர்க்கவோ வேண்டியிருந்தது. முதல் மருந்து பொருந்தாவிட்டால் அதற்காக அஞ்ச வேண்டாம்.

எலி ஆய்வுகளையும் சற்று அளந்தே ஏற்க வேண்டும். தொடக்ககால ஆய்வுகள் ஆண் எலிகளை வைத்தே நடந்தன. அடிபட்ட எலியின் ஒடுக்கமும் தந்தையை இழந்த மகளின் துயரமும் ஒன்றல்ல. ஆயினும் அந்தப் பொட்டாசிய வழியைப் பின்பற்றி, அந்த மின்னோட்டத்தைக் கூட்டும் எசோகாபின் என்னும் வலிப்பு மருந்தை அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் சோதித்தார்கள். அவர்கள் முதன்மையாக அளந்த மூளைச் செயல்பாட்டில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்றாலும் நோய்க்குறிகள் குறைந்தன.

பன்னிரண்டு நாள் மிகக் குறைவு. நான்காவது வாரம் வரை தூக்கம், பசி, பேச்சு மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதி வாருங்கள். காபியை ஆறும் முன் குடித்தார் என்றால் அதையும் எழுதுங்கள். அந்த நோட்டைக் கொண்டுவந்தால் மருந்தின் அளவை முடிவுசெய்வது எங்களுக்கு எளிதாக இருக்கும்.