அரசே அமைக்கும் வரலாற்று ஆணையம் எப்படிச் சுதந்திரமானதாக இருக்கும்? (ஆஸ்திரியா, நாஜிக் காலச் சொத்துப் பறிப்பு)

இரண்டாம் மாவட்டம்:
வணக்கம். வியன்னாவில் லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள், 1938 வரை இங்கே குடியிருந்து பிறகு கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அவர்கள் வீட்டுக்குள் அப்புறம் யார் வந்தார்கள், சாமான்கள் எங்கே போயின என்று தேடப்போய்த்தான் 1998-ல் அரசு ஒரு வரலாற்று ஆணையம் அமைத்தது தெரிந்தது. போர் முடிந்து 53 வருடம் கழித்து ஏன்? நீதிமன்றம் போதாதா? அரசே அமைத்தால் அரசின் தவறை அது எப்படிச் சொல்லும்?

பழைய கோப்பு:
நல்ல கேள்வி. 1938-ல் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதைக் காட்டி 1945-க்குப் பிறகு ஆஸ்திரியா தன்னை "ஹிட்லரின் முதல் பலி" என்று சொல்லிக்கொண்டது. பறித்தது ஜெர்மனி, நாங்கள் ஏன் ஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான் வாதம். பறித்த சொத்தைத் திருப்பிக் கொடுக்க 1946 முதல் 1949 வரை ஏழு மீட்புச் சட்டங்கள் வந்தன, உண்மைதான். ஆனால் வாடகை வீட்டை இழந்தவருக்கு அந்த ஏழில் ஒன்றிலும் இடமில்லை. வியன்னாவில் பெரும்பாலானோர் வாடகைக்குத்தான் இருந்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகவும் ஒரு சட்டம் வேண்டுமே.

1948 நவம்பரில் அமைச்சரவைக் கூட்டத்தில் உள்துறை அமைச்சர் ஆஸ்கர் ஹெல்மர், விஷயத்தை இழுத்தடிக்கலாம் என்பதே தன் கருத்து என்று சொன்னது குறிப்பேட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் குறிப்புகளை 1988-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் வரலாற்றாளர் ராபர்ட் நைட்டை 1998 ஆணையத்தில் உறுப்பினராகவே சேர்த்தார்கள். ஆணையத்தின் தலைவர் கிளெமன்ஸ் யப்லோனர், அப்போது நிர்வாக உச்ச நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர். என்னைக் கேட்டால் ஆட்களைவிட முக்கியம், ஆணையத்திடம் கொடுத்த கேள்வி: நாஜிகள் பறித்ததை மட்டும் அல்ல, 1945-க்குப் பிறகு குடியரசு எதைத் திருப்பிக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதையும் ஆராயச் சொன்னார்கள். அந்த இரண்டாம் பாதி இல்லாமல் போயிருந்தால் பழி முழுவதையும் ஹிட்லர் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். 2003-ல் இறுதி அறிக்கை வந்தது, ஆய்வுகளோடு சேர்த்து 49 தொகுதிகள்.

ஜூரிக் பக்கம்:
கேள்வி சரியாக இருந்தாலும் கோப்பு கைக்கு வராவிட்டால் பயனில்லை. சுவிட்சர்லாந்தில் போர்க்காலத்தில் அந்த நாட்டின் பங்கை ஆராய்ந்த பெர்ஜியே ஆணையத்துக்கு 1996 டிசம்பரில் நாடாளுமன்றமே தனி ஆணை போட்டது. வங்கி ரகசியம் அதன் முன் செல்லாது, தனியார் கம்பெனிகளின் ஆவண அறைக்குள்ளும் போகலாம், சம்பந்தப்பட்ட எந்தத் தாளையும் யாரும் அழிக்கக் கூடாது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1997 ஜனவரியில் ஜூரிக்கில் ஒரு வங்கியின் இரவுக் காவலாளி, அழிப்பதற்காகக் குவித்து வைத்திருந்த பழைய பேரேடுகளைப் பார்த்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய் யூத அமைப்பிடம் ஒப்படைத்தார். வேலை போயிற்று, மிரட்டல் வந்தது, கடைசியில் குடும்பத்தோடு அமெரிக்காவில் தஞ்சம். அழிக்கத் தடை போட்ட பிறகே இந்த நிலை என்றால், தடையே போடாத ஆணையத்தை நான் நம்ப மாட்டேன்.

அம்மாவின் மேசை:
வியன்னா அரசு ஆவணக் காப்பகத்தில் 1938-ன் சொத்து அறிவிப்புப் படிவங்கள் இருக்கின்றன. 5,000 ரைஷ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் சொத்து உள்ள ஒவ்வொரு யூதரும் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏப்ரல் மாதம் உத்தரவு. என் சக ஊழியர் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் படிவத்து நகலைக் காட்டினார். நிலம், கடை, பங்குப் பத்திரம், காப்பீடு, அப்புறம் நகையும் வெள்ளியும். வெள்ளிக் கரண்டி பன்னிரண்டு என்று நிதானமான கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் மதிப்பு போட்டு, கீழே கையொப்பம். கொள்ளையடிக்கப் போகிறவனுக்கு வீட்டுக்காரரே பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் "பன்னிரண்டு" என்ற இடத்தில் எனக்குக் கண் நின்றுவிட்டது. ஆணையத்தின் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கோப்புகளைத்தான் பிரித்துப் படித்தார்கள்.

இரண்டாம் மாவட்டம்:
நன்றி. வாடகைக்காரர்களுக்குக் கடைசியில் ஏதாவது கிடைத்ததா?

பழைய கோப்பு:
2001 ஜனவரியில் ஆஸ்திரியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட வாஷிங்டன் ஒப்பந்தம். பறிபோன வாடகை வீடு, வீட்டுச் சாமான், சொந்தப் பொருள்களுக்காக உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 7,000 டாலர். மற்ற இழப்புகளுக்குத் தனியாக 21 கோடி டாலரில் ஒரு நிதி. அறுபது வருடம் கழித்து. 1938-ல் வீட்டைப் பறிகொடுத்த பெரியவர்களில் எத்தனை பேர் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

வடக்குத் துறைமுகம்:
நார்வேயையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே யூதர்களிடம் பறித்த சொத்தை ஆராய 1996-ல் அமைத்த குழு இரண்டாக உடைந்தது. பெரும்பான்மை கணக்குப் புத்தகம் மாதிரி இழப்பைக் கூட்டிக் கழித்தது. வரலாற்றாளர் ஒருவரும் யூதச் சமூகத்தின் பிரதிநிதியும் அதை ஏற்காமல் 1997-ல் தனி அறிக்கை கொடுத்தார்கள். ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் ஒரே குடும்பத்தில் யார் முதலில் செத்தார் என்று வரிசை போட்டுப் போருக்குப் பிந்தைய அதிகாரிகள் வாரிசுரிமை கணக்கிட்டதை எடுத்து வைத்தார்கள். அரசு சிறுபான்மை அறிக்கையைத்தான் ஏற்றது, 1999-ல் நாடாளுமன்றம் 45 கோடி குரோனர் ஒதுக்கியது. ஆணையம் அமைக்கிறவர்கள் மாற்றுக் கருத்தை முழுதாக அச்சிடும் உரிமையை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும், அந்த இருவரும் வாயை மூடியிருந்தால் நார்வேயில் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இரண்டாம் மாவட்டம்:
சரி, அடுத்த வாரம் காப்பகத்துக்குப் போகிறேன். தகட்டில் இருக்கும் பெயர்களுக்குப் படிவம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன்.