இரவில் குடித்தவர் காலையில் வண்டி ஓட்டலாமா? வரம்பைக் குறைப்பது பற்றிய விவாதம்

தராசு:
வாகனம் ஓட்டுவோருக்கான மது வரம்பை ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது. இங்கிலாந்திலோ 1967ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 80 அரை நூற்றாண்டைத் தாண்டியும் மாறவில்லை. இந்தியாவில் வரம்பு 30. வரம்பு தாழத் தாழ, குடித்த கையோடு வண்டியை எடுப்பவர் மட்டுமன்றி, இரவில் குடித்து உறங்கி எழுந்து காலையில் வேலைக்குப் புறப்படுபவரும் சிக்குகிறார். இதைச் சட்டத்தின் குறையாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு இதுவே அதன் முக்கியமான பயனாகத் தோன்றுகிறது.

எதிர்க்காற்று:
அந்தப் பயனை அளந்து பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மாற்றத்தைப் பற்றி கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்து, வேல்ஸுடன் ஒப்பிட்டபோது விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. இரவு முழுவதும் உறங்கி, குளித்து, காப்பி குடித்துவிட்டுத் தெளிவோடு புறப்படும் ஒருவரை, மதுக்கடையிலிருந்து தள்ளாடியபடி வந்து வண்டியில் ஏறுபவரோடு ஒரே கூண்டில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூன்றாம் கியர்:
குளியலும் காப்பியும் தூக்கத்தை விரட்டுமே தவிர, ஆல்கஹாலை வெளியேற்றா. அது கல்லீரலின் வேலை. கல்லீரலை அவசரப்படுத்த வழியில்லை. பெரும்பாலோருக்கு மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரைதான் குறையும். நள்ளிரவில் 150இல் இருப்பவருக்கு மணிக்கு 15 வீதம் குறைந்தால் காலை ஏழு மணிக்கு 45 மிஞ்சும். அவர் ஸ்காட்லாந்தில் மயிரிழையில் தப்புவார், இந்தியாவில் குற்றவாளி. அதே மனிதருக்கு மணிக்கு 10 வீதம் மட்டுமே குறைந்தால் ஏழு மணிக்கும் 80 இருக்கும். தான் எந்த வகை என்பதை எவரும் உணர்ந்து அறிய முடியாது. ஆகவே ‘தெளிவாக இருந்தேன்’ என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

எதிர்க்காற்று:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஆல்கஹால் முழுவதும் வெளியேறிய பின்னரும் தலைவலியும் தூக்கக் குறைவும் கவனத்தைச் சிதைக்கின்றன. மூச்சுப் பரிசோதனைக் கருவி அதைக் காட்டாது. காலை நேர ஆபத்தைத் தடுக்க வேண்டும் என்றால், வரம்பைக் குறைப்பது அதில் ஒரு பகுதியைத்தான் தொடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1980இல் வரம்பை 50 ஆக்கியது. எனினும் சாலை மரணங்கள் பளிச்சென்று குறைந்தது, 1982 டிசம்பரில் காவலர்கள் சந்தேகமே இல்லாமலும் எவரையும் நிறுத்திச் சோதிக்கத் தொடங்கிய பிறகுதான்.

தராசு:
உங்கள் உதாரணம் என் பக்கம் நிற்கிறது, ஐயா. லான்செட் ஆய்வாளர்களும், போதிய கண்காணிப்பு இல்லாததை ஒரு காரணமாகக் கருதினார்கள். சோதனை இல்லாத வரம்பு செல்லாது என்றால், சோதனையைக் கூட்டுங்கள் என்றுதான் பொருள். வரம்பை உயர்த்தியே வைத்திருங்கள் என்பதன்று. அந்தச் சோதனை காலை ஏழு மணிச் சாலையிலும் நடக்க வேண்டும். இரவில் மட்டும் சோதித்தால், காலையில் ஓட்டுவதைப் பாதுகாப்பானது என்று நாமே சொல்லிக்கொடுப்பதாகும்.

எதிர்க்காற்று:
அப்படியானால் தண்டனையைப் படிப்படியாக வையுங்கள். ஸ்காட்லாந்தில் 50ஐத் தாண்டி ஓட்டியதாகத் தீர்ப்பானால் குறைந்தது 12 மாதங்களுக்கு உரிமம் போய்விடும். 55 உள்ளவருக்கும் 150 உள்ளவருக்கும் தொடக்கம் ஒன்றே என்றால், வேலையை இழக்கப்போகும் முதல் நபர் சட்டத்தை மதிக்கமாட்டார்.

மூன்றாம் கியர்:
அயர்லாந்து அந்தப் பாதையில் சென்று பார்த்தது. 2011இல் வரம்பை 50 ஆக்கியபோது, 50க்கும் 80க்கும் இடையில் முதன்முறை பிடிபடும் சாதாரண ஓட்டுநருக்கு அபராதமும் உரிமத்தில் தண்டனைப் புள்ளிகளும் மட்டுமே விதித்தது. 2018இல் அதைக் கைவிட்டு, மூன்று மாத உரிமத் தடைக்கு மாறியது. அங்கே தொழில்முறை ஓட்டுநருக்கும் பழகுநருக்கும் வரம்பு 20தான். நீங்கள் கேட்கும் படிநிலை மூன்று மாதத்தில் தொடங்குமானால் எனக்கு மறுப்பில்லை. வெறும் அபராதத்தில் தொடங்கக் கூடாது.

எதிர்க்காற்று:
மூன்று மாதம் என்றால் ஒப்புக்கொள்வேன், காலைச் சோதனையும் உடன் வருமானால். வரம்பை மட்டும் குறைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் எந்த மசோதாவையும் தொடர்ந்து எதிர்ப்பேன்.