செயின்கேஸில் ஏடிஎஃப் ஊற்றலாமா?

இரும்புச்சங்கிலி:
செயின் இறுக்கம் பற்றிய பேச்சில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: "ஸ்னோமொபைல் செயின்கேஸுக்கு எந்த ஏடிஎஃப் ஆனாலும் போதும். தனி ஆயில் என்பது பணம் பிடுங்கும் வேலை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஏடிஎஃப் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய ஆயில். செயின்கேஸ் என்பது பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் செயின் இருக்கும் மூடிய பெட்டி. புதிதாக வண்டி வாங்கியவர் இதை நம்பி ஊற்றினால் யார் பதில் சொல்வது? உள்ளே ஓடுவது தகடு தகடாக அடுக்கிக் கோத்த சைலண்ட் செயின். என்ஜினின் மொத்த இழுவையும் அதன் வழியாகத்தான் அடியில் சுழலும் பட்டையான டிராக்குக்குப் போகிறது. பம்ப் கிடையாது. அடியில் கால் லிட்டர், மிஞ்சினால் அரை லிட்டர் ஆயில். கீழ் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் சக்கரம்) அதில் முங்கி, செயின் அள்ளிக்கொண்டு போவதுதான் மேல் பேரிங்குக்குக் கிடைக்கும். ஒட்டி நிற்கிற ஆயில் வேண்டும். ஏடிஎஃப் தண்ணீர் மாதிரி வழிந்துவிடும்.

பனிப்புலி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், பயப்பட வேண்டாம். ஃபோர் வீல் வண்டிகளில் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அங்கேயும் சைலண்ட் செயின்தான். எத்தனையோ வண்டிகளில் கம்பெனியே ஊற்றச் சொல்வது ஏடிஎஃப். இரண்டு டன் வண்டியை இழுக்கிற செயினுக்குப் போதுமானது உங்கள் ஸ்னோமொபைலுக்குப் போதாதா?

இரும்புச்சங்கிலி:
டிரான்ஸ்ஃபர் கேஸில் பெரும்பாலும் ஆயில் பம்ப் இருக்கிறது. இங்கே இல்லை. இதைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

பாகுமானி:
இருவரும் எந்த எண்ணை வைத்துப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யலாமே. கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்களில் கியர் ஆயிலின் 90-உம் என்ஜின் ஆயிலின் 40-உம் வேறு வேறு அளவுகோல்கள். 75டபிள்யூ-90 என்ற கியர் ஆயில் 100 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 40 அல்லது 50 கிரேடு என்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி. ஏடிஎஃப் அதே வெப்பத்தில் சுமார் 7 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு). 75டபிள்யூ-90க்குக் குறைந்தபட்சமே 13.5. அதாவது ஏடிஎஃப் பாதிதான் கெட்டி. அப்புறம், எந்த மாடலுக்குப் பேசுகிறோம்?

பனிப்புலி:
எண்களை வைத்து மிரட்ட வேண்டாம். மைனஸ் 40இல் 75டபிள்யூ ஆயில் 1,50,000 சென்டிபாய்ஸ் (கெட்டித்தன்மையின் இன்னொரு அலகு) வரை கெட்டியாக இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. டெக்ஸ்ரான்-3 என்ற வகை ஏடிஎஃப்புக்கு அதே குளிரில் 20,000தான் உச்சம். கெட்டியான அந்த ஆயிலைச் செயின் எப்படி அள்ளும்? நடுவில் பள்ளம் பறித்துக்கொண்டு வெறுமனே சுற்றும். காலையில் வண்டியைக் கிளப்பும் முதல் சில நிமிடம் மேல் பேரிங் காய்ந்துதான் ஓடும். டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏடிஎஃப். மறுக்க முடியுமா?

இரும்புச்சங்கிலி:
பம்ப். பம்ப். பம்ப். இன்னும் எத்தனை முறை சொல்ல?

மலைச்சரிவு:
இடையில் ஒன்று. கியர் ஆயில் ஊற்றுகிறவர்கள் ஜிஎல்-5 தரத்தை, அதாவது அழுத்தம் தாங்கும் சேர்மானம் அதிகமுள்ளதை, ஊற்றாதீர்கள். அதில் உள்ள கந்தகம் பித்தளையைத் தின்றுவிடலாம்.

இரும்புச்சங்கிலி:
செயின்கேஸுக்குள் பித்தளை சின்க்ரோனைசர் (கார் கியர் மாற்ற உதவும் வளையம்) எங்கே இருக்கிறது? காட்டுங்கள். பழைய கார் கியர்பாக்ஸ் கதையை இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம். ஸ்கீ-டூ ஸ்னோமொபைல்களின் சில மாடல்களுக்கு 75டபிள்யூ-140 ஜிஎல்-5 என்றே போட்டிருக்கிறார்கள்.

மலைச்சரிவு:
யமஹாவின் பல மாடல்களுக்கு ஜிஎல்-3 தரம், கெட்டி 75 அல்லது 80 என்று இருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்? உங்களுக்குப் பிடித்த மேனுவல் மட்டும்தான் மேனுவலா? போன குளிர்காலத்தில் பெல்ட் பற்றிப் பேசியபோதும் இதே போக்குதான்.

இரும்புச்சங்கிலி:
பெல்ட் விஷயத்தை இழுக்காதீர்கள். அதில் நான் சொன்னதுதான் சரி, அது எல்லோருக்கும் தெரியும். ஜிஎல்-3யும் கியர் ஆயில்தான், ஏடிஎஃப் இல்லை. என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

புதுத்தடம்:
வணக்கம் அண்ணா. நான் புதியவன். என் வண்டியில் செயின்கேஸ் ஆயில் மாற்றும்போது அதன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒரு படிவு இருந்தது. துடைத்துப் பார்த்தால் நெருடவில்லை. ஆயில் கொஞ்சம் வெளுத்துப் பால் கலந்த நிறத்தில் இருந்தது. என்ன ஊற்றுவது?

பாகுமானி:
தம்பி, நெருடாத மை வழக்கமான தேய்மானம். துணுக்காக, கூராக ஏதாவது வந்தால்தான் கவலை. பால் நிறம் என்றால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது. சூடாகி ஆறும்போது உள்ளே வியர்க்கும், சீலிலும் உருகிய பனி புகலாம். எந்த ஆயில் என்பதைவிட சீசன்தோறும் மாற்றுவது முக்கியம். மாடல் என்ன? ரிவர்ஸ் கியர் கேஸுக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை என்ஜினே திருப்பிச் சுற்றும் வகையா? உள்ளே பல்சக்கரம் இருந்தால் அழுத்தம் தாங்கும் சேர்மானம் இன்னும் முக்கியம்.

பனிப்புலி:
தம்பி, ஈரம் சேர்கிறது என்றால் மலிவான ஏடிஎஃப் வாங்கி அடிக்கடி மாற்று. விலை உயர்ந்ததை ஊற்றிவிட்டு மாற்ற மனசு வராமல் வைத்திருப்பதுதான் செயினுக்குக் கேடு.

இரும்புச்சங்கிலி:
பாருங்கள், நான் பயந்தது நடந்துவிட்டது! தம்பி, இவர் பேச்சைக் கேட்காதே. ஏடிஎஃப் பாதிதான் கெட்டி என்று பாகுமானி சொன்னது ஞாபகம் இருக்கட்டும். வேகமாக ஓட்டும்போது செயின் தன் மேலுள்ளதையெல்லாம் உதறும். அப்போது மேலே மிஞ்சுவது என்ன?

நட்டுமுருக்கி:
ஆயிலை விடுங்கள். செயினை இறுக்கும் டென்ஷனரைக் கையால் இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துகிறீர்களா இல்லையா? நிறையப் பேர் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றிவிட்டு நுரை தள்ளுகிறது, சூடாகிறது என்று புலம்புகிறார்கள். அதுவும் தவறு.

இரும்புச்சங்கிலி:
டென்ஷனர் பற்றிப் பேச இங்கே தனிப் பேச்சு இழை இருக்கிறது. அங்கேயும் கால் சுற்று எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்கவில்லை.

நட்டுமுருக்கி:
எல்லாவற்றுக்கும் உங்கள் முத்திரை விழுந்தால்தான் சரியாகுமா?

பனிப்புலி:
அவருக்குத் தான் சொன்னதே வேதம். நான் ஏடிஎஃப்தான் ஊற்றுகிறேன், செயின் நன்றாக இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கேள்விக்கு இதுவரை நேரான பதில் இல்லை.

இரும்புச்சங்கிலி:
பதில் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. உங்கள் செயின் நன்றாக இருக்கிறது என்கிறீர்களே, மூடியைக் கழற்றிச் செயின் தகடுகளைக் கோக்கும் ஊசிகளின் தேய்மானத்தை அளந்தீர்களா? அளந்த படத்தைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

பனிப்புலி:
நீங்கள் முதலில் பம்ப் இல்லாததால் தேய்ந்த ஒரு செயினின் படத்தைப் போடுங்கள்.

பாகுமானி:
புதுத்தடம் தம்பி, மாடல் என்னவென்று இன்னும் சொல்லவில்லையே?

இரும்புச்சங்கிலி:
மாடல் எதுவானாலும் ஏடிஎஃப் கூடாது. படம் எங்கே, பனிப்புலி?