அத்தபாஸ்கா அஸ்பால்டீனின் மூலக்கூறு எடை: எந்த அளவை நம்புவது?

கேள்வி:
வணக்கம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் உள்ள அத்தபாஸ்கா தார் மணலிலிருந்து எடுத்த பிட்டுமெனில் (மிகக் கெட்டியான கச்சா எண்ணெய்) வேலை செய்கிறேன். வெற்றிட வாலைவடிப்பில் அடியில் நிற்கும் எச்சம், அதாவது 524 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் பகுதிதான் என் மாதிரி. அஸ்பால்டீனை, அதாவது ஹெப்டேனில் கரையாமல் டொலுவீனில் கரையும் கனமான பகுதியை, ஹெப்டேனில் வீழ்படிவாக்கி, டொலுவீனில் கரைத்து எடுத்தேன். கரைசலின் ஆவி அழுத்தத்திலிருந்து மூலக்கூறு எடையைக் கணிக்கும் ஆவி அழுத்த ஆஸ்மோமெட்ரி 4000-க்குப் பக்கத்தில் காட்டுகிறது. கரைசலை நீர்த்தால் குறைகிறது. மூலக்கூறுகளை அயனியாக்கி எடை பார்க்கும் நிறைநிறமாலையோ 750-ஐச் சுற்றியே நிற்கிறது. சராசரி மூலக்கூறு வரைய எதை எடுப்பது? அப்புறம், கார்பன் அணுக்களின் சூழலைக் காட்டும் கார்பன்-13 என்எம்ஆரில் 21.4 பிபிஎம்மில் ஊசிபோல ஒரு முகடு. அது என்ன?

பதில் 1:
டொலுவீனின் மெத்தில். 125 முதல் 138 பிபிஎம் வரை பாருங்கள், அதன் வளையக் கார்பன்களும் கூரிய கோடுகளாக இருக்கும். அஸ்பால்டீன் கரைப்பானை லேசில் விடாது. எடை மாறாத வரை வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.

பதில் 2:
நீர்த்தால் எடை குறைகிறது என்றால் நீங்கள் அளப்பது பல மூலக்கூறுகள் ஒட்டிய திரளை, தனி மூலக்கூறை அல்ல. 4000-ஐ விட்டுவிடுங்கள். 750-ஐயும் முழுதாக நம்ப வேண்டாம்; எளிதில் அயனியாகும் மூலக்கூறுகள்தான் அங்கே அதிகம் தெரியும்.

சராசரி மூலக்கூறு வரைவதே எனக்கு உடன்பாடில்லை. ஒரே பெரிய வளையத் தொகுதியா, சங்கிலிகளால் இணைந்த சிறு தொகுதிகளா என்ற முக்கியமான கேள்வியை அந்தப் படம் மறைத்துவிடும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஓட்டோ ஸ்ட்ராஸ் இதே அத்தபாஸ்கா அஸ்பால்டீனை ருத்தீனியம் ஆக்சிஜனேற்றத்தால் உடைத்துப் பார்த்தார். அரோமாட்டிக் கார்பன் (பென்சீன் போன்ற வளையங்களில் உள்ளது) பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும். n கார்பன் கொண்ட பக்கச் சங்கிலி n+1 கார்பன் அமிலமாகவும், இரு வளையங்களை இணைக்கும் பாலம் n+2 கார்பன் இரட்டை அமிலமாகவும் கைக்கு வரும். நீளமான இரட்டை அமிலங்கள் கிடைத்தால் பாலங்கள் உண்டு என்று துணிந்து சொல்லலாம். 6 கார்பன் அடிப்பிக் அமிலத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். டெட்ராலின் (பென்சீன் வளையத்தோடு நான்கு கார்பன் சங்கிலி இரு முனையிலும் ஒட்டி வளையமானது) போன்ற அமைப்பும் அதையே தரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கந்தகம் சுமார் 8 சதவீதம் வருகிறது, அது சரியா?

பதில் 2:
சரிதான், அத்தபாஸ்காவுக்கு அது வழக்கமான அளவு. 750 எடைக்குக் கணக்குப் போட்டால் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 2 கந்தக அணுக்கள். ஆகவே வெறும் ஹைட்ரோகார்பனாக எதையும் வரையாதீர்கள். ருத்தீனியம் ஆக்சிஜனேற்றம் செய்தால், கிடைக்கும் அமிலங்களை மெத்தில் எஸ்டராக்கி வாயு நிறப்பிரிகையில் செலுத்துங்கள். குட்டை அமிலங்கள் கழுவும் நீரோடு போய்விடும், அவற்றின் அளவை விகிதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.