டுபாக்கூரில் 'கூர்' எங்கிருந்து வந்தது?

ராயபுரம் ரவுசு:
பக்கத்து இழையில் மயிலை மாமா அளந்திருப்பதைப் படித்து வயிறு எரிகிறது. வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்த துபாஷிகள் இரண்டு பக்கமும் பொய் சொல்லிக் காசு பார்த்தார்களாம், அதனால் துபாஷி 'டுபாக்கூர்' ஆனதாம். சரி, 'துபா' 'டுபா' ஆனது என்றே இருக்கட்டும். 'ஷி' எங்கே போனது? 'கூர்' எங்கிருந்து வந்தது?

மயிலை மாமா:
தம்பி, தெருப் பேச்சுக்கு இலக்கணம் பார்த்தால் ஒன்றும் தேறாது. பேஜாரும் நாஸ்தாவும் உருது வழியாக வந்தவை. உங்கள் பேட்டையில் வாய்க்கு வாய் வரும் கஸ்மாலம், கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் சொல்லும் 'கச்மலம்'. மெட்ராஸில் எல்லாம் கலந்துதான் கிடக்கும்.

ராயபுரம் ரவுசு:
கச்மலம், கஸ்மாலம். பொருந்துகிறது. பேஜாரும் பொருந்துகிறது. நான் கேட்டது கூர். அப்புறம், அதென்ன "உங்கள் பேட்டை"? மயிலாப்பூரில் யாரும் திட்டுவதே இல்லையா?

பச்சையப்பன் பழைய மாணவன்:
பச்சையப்ப முதலியாரும் துபாஷிதான். சம்பாதித்ததைத் தர்மத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1794-ல் கண்ணை மூடினார். அந்தப் பணத்தில் 1842-ல் தொடங்கிய பள்ளிதான் பிறகு கல்லூரியானது. அவர் டுபாக்கூரா? மாமா பதில் சொல்லியாக வேண்டும்.

மயிலை மாமா:
எல்லாத் துபாஷியையும் நான் சொல்லவில்லையே!

ராயபுரம் ரவுசு:
கூர்.

வெள்ளை நகரம்:
துபாஷி என்றதும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகம் வர வேண்டாமா? பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்கே துபாஷி. 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். சென்னைக்காரர்களுக்குச் செங்கல்பட்டைத் தாண்டினால் தமிழ்நாடே முடிந்துவிடுகிறது.

ராயபுரம் ரவுசு:
புதுச்சேரி தமிழ்நாட்டில் இல்லை, அண்ணே.

சும்மா வந்தேன்:
டுபாக்கூர் டாக்டர் என்றால் போலி. டுபாக்கூர் சார்ஜர் என்றால் மட்டமான சரக்கு. "வாடா டுபாக்கூர்" என்று நண்பனைக் கூப்பிட்டால் அது பாசம். எனக்கு இந்தப் பொருள்கள்தான் சுவாரசியமாகத் தெரிகின்றன. யாராவது பேசுவீர்களா?

ராயபுரம் ரவுசு:
பேசலாம், பேசலாம். மாமா முதலில் கூருக்கு வழி சொல்லட்டும்.

வைகைக்கரை வாலு:
சென்னைக்காரர்கள் சொல்லுக்குச் சொந்தம் கொண்டாடுவதே பெரிய டகால்டி. அப்பீட்டு எங்கள் ஊர்ப் பம்பரச் சொல். சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் சுண்டித் தூக்கிக் கையில் பிடித்தால் அப்பீட்டு. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு ஆள் நழுவினாலும் அப்பீட்டு, செத்தாலும் அப்பீட்டு என்று ஆக்கிவிட்டீர்கள்.

ராயபுரம் ரவுசு:
ராயபுரத்தில் பம்பரமே சுற்றாதா? போன மாதம் 'கெத்து' மதுரைக்குத்தான் என்று மல்லுக்கு நின்றவர்தானே நீங்கள்? அப்போதே ஆதாரம் கேட்டேன், ஆளைக் காணோம்.

வைகைக்கரை வாலு:
வேலை இருந்தது. உன்னை மாதிரி நாள் முழுக்க இங்கேயே குடியிருக்க முடியுமா?

மயிலை மாமா:
துபாஷி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். ரசனை இருப்பவர்களுக்குப் புரியும்.

ராயபுரம் ரவுசு:
கூர் வரவில்லை, ரசனை வந்துவிட்டது. வாலு அண்ணே, கையால் எடுத்தால் அது அப்பீட்டே இல்லை. கயிற்றால் தூக்கி அந்தரத்தில் பிடிக்க வேண்டும்.

வைகைக்கரை வாலு:
நானும் அதைத்தான் எழுதினேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படி. அப்புறம், கயிறு இல்லை, சாட்டை.

ராயபுரம் ரவுசு:
சாட்டை மாட்டுக்கு.