எதிரணி எங்களைப் பார்த்து ஒருமுறையாவது மிரள வேண்டும், என்ன செய்வது?

தென்கடல் விசில் (பாம்பன்)

பாம்பனில் பதினெட்டுப் பையன்களுக்குக் கால்பந்து பழக்குகிறேன். பாதிப் பேர் கல்லூரி, பாதிப் பேர் கடல். மூன்று ஆண்டுகளாக எந்தப் போட்டிக்குப் போனாலும் அரையிறுதி வரை வருகிறோம், அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறோம். திறமை போதாது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கச்சான் காற்றில் மணலில் வெறுங்காலோடு பந்தை அடக்கிப் பழகியவர்கள் இவர்கள்.

போன சுதந்திர தினப் போட்டியில் எதிரணி வேனில் வந்து இறங்கியது. எல்லோர் தோளிலும் ஒரே நிறப் பை. பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த என் பையன்கள் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அப்போதே வயிறு கலங்கிவிட்டது. ஆனாலும் 80ஆவது நிமிடம் வரை 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். பிறகு கார்னரில் ஒரு கோல் வாங்கினோம். என் தற்காப்பு வீரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். கோல்கீப்பர் இன்னொருவனைத் திட்ட, அவன் திருப்பித் திட்டினான். எதிரணிக் கேப்டன் இதை ஓரக்கண்ணால் பார்த்தான். தன் ஆட்களை முன்னே ஏறச் சொல்லிக் கைகாட்டினான். ஆறே நிமிடத்தில் இரண்டாவது கோல்.

பெயரைக் கேட்டாலே எதிராளி தயங்கும் அணிகள் இருக்கின்றன. அந்த இடத்துக்கு ஓர் அணி எப்படிப் போய்ச் சேருகிறது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி எட்டாம் நம்பர்

முதல் ஐந்து நிமிடத்திலேயே அவர்களுடைய நல்ல ஆட்டக்காரனை இரண்டு இடி இடித்துவிடுங்கள் அண்ணே. அதற்குப் பிறகு பந்துப் பக்கமே வர மாட்டான்.

பழைய டிபெண்டர் (கீழக்கரை)

தொண்டித் தம்பி, இது வேண்டாம். பதினான்கு ஆண்டுகள் தற்காப்பில் ஆடியவன் நான். என்னை இடித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. பயம் வந்ததே இல்லை. கோபத்தில் இன்னும் நன்றாகத்தான் ஆடினேன்.

நான் பயந்தது ஒரே ஓர் அணியிடம். நாங்கள் கோல் அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். அவர்களில் வயதில் மூத்த ஒருவர் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினார். பந்தை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து எங்களுக்காகக் காத்து நின்றார். யாரும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரண்டாவது கோலுக்கும் அதேதான். 2-0 என்று முன்னிலையில் இருந்தது நாங்கள். கை சில்லிட்டதும் எங்களுக்குத்தான். கடைசியில் 3-2 என்று தோற்றோம்.

பில் ஷாங்க்லி இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்குப் பயிற்சியாளராக வந்தது 1959 டிசம்பரில். அப்போது அந்த அணி இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1962இல் மேலே ஏறி, 1964இல் லீக்கை வென்ற பிறகுதான் அவர் உடையில் கைவைத்தார். அந்த நவம்பரில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணிக்கு எதிராக, வெள்ளைக் காற்சட்டையை எடுத்துவிட்டு முழுச் சிவப்பில் இறக்கினார். முதலில் நெடிய கேப்டன் ரான் யேட்ஸுக்கு அணிவித்துப் பார்த்தார். ஆள் இன்னும் பெரிதாகத் தெரிந்தாராம். அன்று 3-0 என்று வென்றார்கள். லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் தொங்கும் 'இது ஆன்ஃபீல்டு' என்ற பலகையைப் பார்த்து மற்றவர்கள் நடுங்கியது பலகைக்காக அல்ல, அதற்குப் பின்னால் நின்ற பதினொரு பேருக்காக. ஒரே நிறப் பை வாங்கப் பணம் தேடாதீர்கள் தம்பி, அது பிறகு வரட்டும். பயிற்சியில் கடைசிப் பத்து நிமிடம், 0-1 என்று பின்தங்கியிருப்பதாக வைத்து ஆட விடுங்கள். கோல் வாங்கினால் பந்தை யார் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

மண்டபம் மகளிர் அணி

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது சரி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஆகஸ்டு 15 என்றால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டு மாதம். உங்கள் கடல் பையன்கள் முந்தின இரவு எங்கே இருந்தார்கள்? இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு விடியற்காலையில் கரையேறியவனுக்கு 80ஆவது நிமிடத்தில் கால் தளருவது இயற்கை. குனிந்து முழங்காலைப் பிடித்தான் என்கிறீர்களே, அது மனம் உடைந்ததா, மூச்சு வாங்கியதா?

கடைசி நேரத்தில் ஓடுகிறவனைப் பார்த்துத்தான் எதிராளிக்குக் கை நடுங்கும். 2015 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதியாட்டம், கோவாவின் சொந்த மைதானம். சென்னையின் எஃப்சி 87ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கியது. 90இல் கோவா கோல்கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் விட்டார். உடனே சென்னை அணியின் மென்டோசா ஒன்று அடிக்க, 3-2. அந்த ஆண்டு பாதித் தொடர் தாண்டிய பிறகும் அட்டவணையின் அடியில் கிடந்த அணி அது. விடாமல் நெருக்கியதால்தான் எதிரில் இருந்தவர் பிழை செய்தார் என்று என் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

தென்கடல் விசில் (பாம்பன்)

அக்கா, உங்கள் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நின்ற நாட்களில் நான்கு ஆட்டம் ஆடியிருக்கிறோம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அன்று குனிந்த பையன் காலை ஐந்து மணிக்குத்தான் கரைக்கு வந்திருக்கிறான். கேட்ட பிறகுதான் சொன்னான். இவ்வளவு நாள் அவனைக் கோழை என்று மனத்துக்குள் நினைத்திருந்தேன். நேற்று அவன் வீட்டுக்குப் போய், அது என் தவறு என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி ஆட்டத்துக்கு முந்தின நாள் யாரும் படகேறக் கூடாது. படகு முதலாளிகளான சம்மாட்டிகளிடம் நானே பேசுகிறேன். அந்த ஒருநாள் பங்குக்கு ஈடாக ஏதாவது வசூல் செய்ய வேண்டும்.

காக்கா, இன்று மாலை 0-1 ஆட்டத்தைத் தொடங்கிவிட்டோம். எங்கள் கோல் வலை, கிழிந்த பழைய மீன்வலைதான். கோல் விழுந்ததும் அந்தப் பையனே உள்ளே ஓடினான். பந்து ஒரு கிழிசலில் மாட்டிக்கொண்டது. கோல்கீப்பர் முடிச்சைப் பிடித்து விலக்க, அவன் பந்தை உருவி எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினான். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.